கவிஞர் வாய்க் கேட்டல்

கவிதை கண்ணுக்கு விருந்தா, செவிக்கு விருந்தா என்று வினவினால், இக்காலத்து மாணவருட் பலர் கண்ணுக்கே என்று விடை கூறுவர். அவர்கள் கவிதையைக் கண்டது நூலில், கற்றது நூலில், தேர்வில் எழுதியது தாளில். ஆயினும், பாட்டு என்னும் பெயரே அது பாடப்பெறுவது என்பதைக் காட்டி நிற்கின்றது. தமிழில் யாப்பிலக்கணம் வகுத்த சான்றோர் ஒவ்வொரு பாவுக்கும் ஓர் ஓசையை உரிமையாக்கினர். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்பதனை மாணவர் மனப்பாடம் செய்திருப்பர். ஆனால், அந்நான்கு ஓசையையும் பிறர் வாயிலிருந்து செவியாரக் கேட்டவர் எத்துணைப் பேர்? ஓசையின் பெயரை அறிந்து ஓசையை அறியாதிருத்தல், பலாப்பழத்தின் பெயரை எழுதக் கற்று அதன் சுவையை அறியாதிருத்தல் போன்றதாம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் கேள்வி வேண்டும் என்பது அவ்வைப்பு முறையாலேயே புலனாகும். கேட்கத் தக்கவை பல. அவற்றுள், கவிதை இயற்றியவரே அதனைப் படிக்கக் கேட்டல் தனிச் சிறப்புடையது. அக்கேள்வியால் வரும் பயனை நூற்படிப்பு ஒன்றினால் மட்டும் பெறுதல் இயலாது. அதனினும் முதன்மையாகக் கருதத் தக்கது ஒன்று உண்டு. நூலை நாளையும் படிக்கலாம். கவிஞர் குரலை அவர் வாழும் நாளில்தான் கேட்க முடியும்.

இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பது தொண்டை நாட்டு ஊர் ஒன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், சேயாற்றின் கரையில், செய்யார் என்று மக்கள் வழங்கும் செய்யாறு நகரம் உளது. அதற்கு மேற்கே பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியும், வடகிழக்கே காஞ்சி மாநகரும் உள்ளன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இச்சேயாற்றைப் பாடுகின்றது. செய்யாற்றில் வேதபுரீசுவரர் கோயில் கொண்டுள்ள பகுதிக்குத் திருவோத்தூர் என்பது பழம்பெயர். ஓத்து என்பது வேதம். எழுத்தில் அமையாது, ஓதவும் கேட்கவும் பெற்றமையின் வேதத்திற்கு அப்பெயர் ஏற்பட்டது. இறைவன் தேவர்க்கும் முனிவர்க்கும் வேதம் ஓதுவித்த இடம் என்று தலவரலாறு கூறும். ஆகவே, ஓதுதலும் கேட்டலும் இவ்வூரின் பெயரிலேயே குடிகொண்டுள்ளன.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இவ்வூருக்கு வந்தார். அன்பர் ஒருவர் அங்கே பனைகளை நட்டு வளர்த்திருந்தார். அவை யாவும் ஆண்பனைகளாகிக் காய்க்காது நின்றன. அதனைச் சுட்டிச் சிலர் அவரை எள்ளி நகையாடினர். அன்பர் தம் வருத்தத்தைச் சம்பந்தரிடம் முறையிட்டார். சம்பந்தர் கோயிலினுட் புகுந்து பதிகம் பாட, ஆண்பனைகள் குலை ஈன்றன என்று சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுவர். பதிகத்தின் இறுதிப் பாட்டிலும் இச்செய்தி குறிக்கப்பெற்றுள்ளது. இன்றும் பனையே இத்தலத்தின் தலமரமாகப் போற்றப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியை அற்புதமாகக் கொள்வாரும் உளர். வேறு வகையாகக் கொள்வாரும் உளர். ஈண்டுக் கருதத் தக்கது வேறொன்று. அப்பதிகம் பதினொரு பாட்டுக்களை உடையது. முதல் திருமுறையில் பழந்தக்கராகம் என்னும் பண்ணில் அமைந்தது. சம்பந்தர் இறைவனை எதிரே நிறுத்தி நேருக்கு நேர் வினவுவாரைப் போன்று பேசுகின்றார். அன்று அக்கோயிலில் நின்றவர்கள் ஓர் இளைஞரின் குரலைக் கேட்டனர். துன்புற்ற ஒருவருக்காக அக்குரல் எங்கே தாழ்ந்தது, எங்கே உயர்ந்தது, எங்கே உரிமையோடு அழுத்திற்று என்பதனை அவர்கள் அறிவர். சொற்கள் ஏட்டில் ஏறின. அக்குரல் ஏட்டில் ஏறவில்லை.

சம்பந்தருடன் ஊர்தோறும் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். கவிஞர் பாடப் பாட அதனைச் செவியால் ஏற்று யாழில் இசைப்பது அவர்தம் தொண்டு. திருத்தருமபுரத்திற் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காது மீறியது. பாணர் வருந்தித் தம் யாழையே உடைக்கப் புகுந்தார், சம்பந்தர் தடுத்தருளினார். யாழ்மூரி என்னும் பெயர் அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகின்றது. நுண்ணிய நரம்புக் கருவிக்கே எட்டாத நெளிவும் வளைவும் கவிஞர் குரலில் உண்டாயின், வெறும் எழுத்து அவற்றை எங்ஙனம் முழுதும் தாங்கும்?

பின்னர் நிகழ்ந்தது இதனினும் ஆழ்ந்து எண்ணத் தக்கது. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றில் மறைந்து கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றைத் தேடி எடுத்தபொழுது, பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சிய சொற்கள் கைக்குக் கிடைத்தன, பண்முறை கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண் ஒருத்தி அப்பண்களை அறிந்திருந்தாள். அவள் வாயிலாகவே பண்முறை வகுக்கப்பெற்றது எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கரையானுக்கு இரையாயிற்று. கவிஞர் பாடக் கேட்டவரின் மரபிலே வந்த செவியும் வாயும் இசையைக் காத்தன. இன்று ஓதுவார் பாடும் பண் முழுவதும் அன்று சம்பந்தர் பாடியவாறே உளது எனத் துணிந்து கூறுதல் அரிது. ஆயினும், ஒருவர் கேட்டமையால்தான் இன்றைக்கு இவ்வளவேனும் எஞ்சியது என்பதில் ஐயமில்லை.

கவிஞர் வாயிலிருந்து கேட்பதால் மாணவர் அடையும் பயன் யாது? முதலாவது, நிறுத்தம் அறிதல். ஆரணியில் நெய்த பட்டுச் சேலை மடித்து வைத்திருக்கும்பொழுது நிறம் மட்டுமே தோன்றும். நெய்தவர் அதனை விரித்துக் காட்டும்பொழுதே கரை செல்லும் வழியும், முந்தானை தொடங்கும் இடமும் விளங்கும். அவ்வாறே, அச்சிட்ட பாட்டில் எல்லாச் சொற்களும் ஒரே அளவில் நிற்கின்றன. எச்சொல்லிற் குரல் தங்க வேண்டும், எவ்வடியை மூச்சு விடாது கடக்க வேண்டும் என்பன கவிஞர் படிக்கும்பொழுது வெளிப்படும். அயர்லாந்துக் கவிஞர் யேட்சு 1932-ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் தம் பாட்டுக்களைப் படித்தார். அவற்றைச் செய்யுளாக அமைக்கத் தாம் பெரும்பாடு பட்டதாகவும், ஆதலின் உரைநடைபோற் படிக்க இசையாது ஓசையை அழுத்தியே படிக்கப் போவதாகவும் அவர் முன்னரே அறிவித்தார். கவிஞர் எதனை உயிராகக் கருதினார் என்பது அவர் படிக்கும் முறையால் விளங்கும் என்பதற்கு இது தக்க சான்று.

மரபுக் கவிதைக்காவது சீரும் தளையும் ஓரளவு வழிகாட்டும். சீர் பிரித்துப் படிக்கப் பழகியவர் ஓசையை ஒருவாறு கண்டுகொள்ளலாம். யாப்புக்குள் அடங்காத புதுக்கவிதைக்கு அத்துணையும் இல்லை. அதனை இயற்றியவரின் மூச்சே அதற்கு அளவு. ஆகையால், புதுக்கவிதை விளங்கவில்லை என்று ஒதுக்கும் மாணவர், அதனை இயற்றியவர் படிக்க ஒருமுறை கேட்டல் மிகவும் இன்றியமையாதது.

இரண்டாவது பயன் வினாவுதல். பழந்தமிழர் நூலை வெளியிட்ட முறை அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறிற்று என்று பனம்பாரனார் பாயிரம் உரைக்கின்றது. நூலாசிரியர் ஒருவர், குறைகாண வல்லவர் முன்னிலையில் தம் நூலைத் தாமே எடுத்துரைக்க வேண்டும்; தடை எழுப்பினால் விடை தரவும் வேண்டும். செய்யாற்றுக்கு அணிமையிலுள்ள காஞ்சியில், குமரகோட்டத்தில், கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபொழுது, முதற்செய்யுளின் தொடக்கத்திலேயே சொற்புணர்ச்சி பற்றித் தடை ஒன்று எழுந்தது என்பர். மறுநாள் வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பெற்ற பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்பது வழிவழி வரும் செய்தி. கேட்டவர் தூங்கவில்லை; ஒவ்வோர் எழுத்தையும் செவியால் எடை போட்டனர் என்பது இதனால் தெரிகின்றது. கவிஞர் எதிரே இருக்கும்பொழுது, ‘இச்சொல்லை ஏன் இட்டீர்கள்?’ என்று பணிவுடன் வினவலாம். அச்சிட்ட தாள் அதற்கு விடை கூறாது.

மூன்றாவது பயன், கவிதை பிறக்கும் முறையை உடனிருந்து காணுதல். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை மனத்திலேயே யாத்து வாயாற் சொல்லுவார். அருகிருப்போர் ஏட்டில் எழுதுவர். 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் அவரையடைந்த உ. வே. சாமிநாதையர், 1876-இல் ஆசிரியர் மறையும் வரை அக்காட்சியைக் கண்டும் கேட்டும் வளர்ந்தார். தாம் கேட்டவற்றை ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் விரிவாக எழுதினார். அவர் பிற்காலத்திற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். சீவகசிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. அடி பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. உரையும் செய்யுளும் ஒன்றாகத் தொடர்ந்து செல்லும். அத்தகைய ஏட்டில், ஈண்டு ஓர் அடி முடிகின்றது, ஈண்டு ஒரு சீர் குறைகின்றது என்று காண்பதற்குக் கண் மட்டும் போதாது. பழகிய செவியும் வேண்டும். இளமையில் ஒரு கவிஞரின் அருகிருந்து கேட்ட கேள்வி, முதுமை வரை தமிழுக்குத் தொண்டாற்றத் துணைநின்றது எனலாம்.

இத்துணைப் பயனுடைய ஒன்றைத் தமிழர் கைநழுவ விட்டதும் உண்டு. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. சுப்பிரமணிய பாரதியார் 1921-ஆம் ஆண்டில் மறைந்தார். இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் பாடகர் பலருடைய குரல்கள் தட்டுக்களில் ஏறின. பாரதியார் தம் பாட்டுக்களைத் தாமே பாடுபவர். பலவற்றுக்கு இராகமும் தாளமும் தாமே குறித்தவர். அவர் பாடக் கேட்டவர்களுள் வ. ரா. அவரது வரலாற்றை எழுதினார். புதுவையிற் சிறுமியாயிருந்து கேட்ட யதுகிரி அம்மாள் தம் நினைவுகளை எழுதினார். அவர்கள் எழுதியவற்றைப் படிப்போர்க்கு அக்குரலைக் கேட்க வேண்டும் என்னும் வேட்கை பெருகும். ஆனால், அக்குரல் பதிந்த தட்டு ஒன்றும் இன்று இல்லை. இராகத்தின் பெயர் உண்டு, தாளத்தின் பெயர் உண்டு, பாரதியார் இல்லை. வங்கக் கவிஞர் தாகூரின் குரல் இசைத்தட்டில் உளது. ஆங்கிலக் கவிஞர் தெனிசன் 1890-இல் படித்ததும் மெழுகு உருளையில் பதிவாகி இன்றும் ஒலிக்கின்றது. பாரதியாருக்குத் தட்டு அமையாமல் போனமைக்குக் காரணம் பலவாகலாம். இழப்பு ஒன்றே.

பிரௌனிங்கு என்னும் ஆங்கிலக் கவிஞர் 1889-ஆம் ஆண்டில் ஒரு விருந்தில் ஒலிப்பதிவுக் கருவியின் முன் தம் பாட்டைச் சொல்லத் தொடங்கினார். சில அடிகளுக்குப்பின் அடுத்த சொல் நினைவுக்கு வரவில்லை. தாம் இயற்றிய பாட்டையே மறந்தமைக்கு வருந்துவதாகக் கூறி நிறுத்திவிட்டார். அவ்வாண்டின் இறுதியில் அவர் காலமானார். மறு ஆண்டு அவர் மறைந்த நாளில் நண்பர்கள் கூடி அப்பதிவைக் கேட்டனர். பிழைபட்ட அக்குரலை அவர்கள் பெருஞ்செல்வமாகப் போற்றினர். குறைபாடுடைய பதிவும், ஒன்றும் இல்லாமையினும் மேலானது அன்றோ?

இனி, இக்கருத்துக்கு மாறாகக் கூறப்படுவனவும் உள. கவிஞர் எல்லாரும் நன்றாகப் படிப்பவர் அல்லர் என்பது ஒரு தடை. அது மெய்யே. சிலருக்குக் குரல்வளம் இல்லை. சிலர் அவையிற் கூசுவர். முற்காலத்துப் புராண அரங்கேற்றங்களிற் செய்யுளை இசையோடு படிப்பவர் ஒருவராகவும், பொருள் விரிப்பவர் நூலாசிரியராகவும் இருத்தல் உண்டு. ஆயினும், இங்கே வேண்டுவது இனிய குரல் அன்று. கரகரத்த குரலிலும் கவிஞர் எதனை அழுத்துகின்றார், எங்கே தயங்குகின்றார் என்பது தெரியும். இனிமையைப் பாடகரிடம் கேட்கலாம். கருத்தை இயற்றியவரிடமே கேட்க வேண்டும்.

மற்றொரு தடை, கவியரங்கங்களைப் பற்றியது. கையொலிக்காகவே அடிகளை அமைப்பதும், ஒரே அடியை இருமுறையும் மும்முறையும் கூறிக் கையொலி வேண்டி நிற்பதும் சில மேடைகளிற் காணப்படும் குறைகள். மேடையிற் கையொலி பெற்றதெல்லாம் கவிதை ஆகாது. ஆனால், அக்குறைக்கு அஞ்சிக் கவியரங்கையே வெறுத்தல், பதருக்கு அஞ்சி நெல்லை விதையாதிருத்தல் போலாம். அகில இந்திய வானொலி 1956-ஆம் ஆண்டில் அனைத்து மொழிக் கவியரங்கத்தைத் தொடங்கியது. நாட்டின் பல மொழிக் கவிஞர்களும் தத்தம் மொழியில் படித்தனர். மொழி அறியாதவரும் முதலில் ஓசையைக் கேட்டனர். பின்னர் மொழிபெயர்ப்பைக் கேட்டனர். பழகிய செவி கவிதையையும் ஆரவாரத்தையும் வேறு பிரித்துவிடும். செவி பழகும் வழி கேட்டலே.

கவிஞர் படித்த முறையே முடிந்த முறை என்று கொண்டால், படிப்பவர் உரிமை என்னாவது என்று சிலர் வினவுவர். நல்ல வினா. கவிஞர் படித்தவாறே கிளிபோற் படிக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணர் சம்பந்தரின் குரலைக் கேட்டார். ஆனால் தம் யாழில் தம் விரலால் இசைத்தார். கேட்டபின் தம் வாயால் உரக்கப் படித்து, தமக்கு இயைந்த முறையைக் கண்டுகொள்வதே மாணவர் கடமை. கவிஞர் குரல் தொடங்கும் இடத்தைக் காட்டும். சென்று சேரும் இடம் படிப்பவரைப் பொறுத்தது.

ஆகையால், பள்ளிகளும் மாணவரும் செய்யத் தக்கன சில உண்டு. இலக்கிய மன்ற விழாவுக்குக் கவிஞரை அழைத்தால், அவரைச் சொற்பொழிவு ஆற்றச் சொல்வதினும், அவர்தம் பாட்டுக்களைப் படிக்கச் சொல்வதே நன்று. அவர் படிக்கும்பொழுது நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்கும் இடங்களைக் குறித்தல் வேண்டும். முடிந்தபின் வினவுவதற்கு ஒரு வினாவையேனும் எண்ணி வைத்தல் வேண்டும். மறுநாள் அப்பாட்டை வகுப்பில் உரக்கப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

நூலேறிய கவிஞரை மட்டும் தேட வேண்டுவதில்லை. செய்யாற்றுப் பகுதி தெருக்கூத்துக்குப் புகழ்பெற்றது. அணிமையிலுள்ள புரிசை என்னும் சிற்றூர் தெருக்கூத்தால் உலகறிந்தது. கூத்துப்பாட்டு வல்ல ஆசிரியர்கள், தாலாட்டும் ஒப்பாரியும் தாமே புனைந்து பாடும் மூதாட்டியர், நடவுப் பாட்டில் அவ்வப்பொழுது புது அடி சேர்க்கும் உழத்தியர் ஆகியோரின் பாட்டுக்களுட் பல எந்த நூலிலும் இல்லை. அவர்தம் வாய் ஒன்றே அவற்றுக்கு ஏடு. இக்காலத்திற் பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி உளது; அதுவே ஒலிப்பதிவுக் கருவியும் ஆகும். பாடியவரின் இசைவு பெற்று, அவர் பாடுவதைப் பதிவு செய்து, ஊரும் நாளும் குறித்து வைத்தல் ஒரு மாணவருக்கு ஒரு மாலைப் பொழுதின் வேலை. பாரதியாருக்கு அக்காலம் செய்யத் தவறியதைத் தம் பாட்டிக்கு இக்காலத்து மாணவர் செய்யலாம்.

சேயாற்றங்கரையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குரல் எழுந்தது. காயாத பனை காய்த்தது என்பது அவ்வூரார் நம்பிக்கை. அக்குரல் மறைந்தது, ஆனால் அருகிருந்த ஒருவர் கேட்டமையால், அதன் இசையிற் சிறு பகுதியேனும் இன்றும் அக்கோயிலில் ஓதுவார் நாவில் ஒலிக்கின்றது. பாடுவோர் இன்றும் உளர். கேட்போர் அருகிருத்தல் வேண்டும்.